டிரைவர் நிரலை எந்த அடைவில் வைப்பது?

ஓர் இயங்குதளத்தில் பத்துப் பதினைந்து டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) இருக்கும்வரை எல்லாவற்றையும் ஒரே அடைவில் (ஃபோல்டரில்) போட்டு வைக்கலாம். தேடினால் கிடைத்துவிடும். நான் பங்களிக்கும் சின்னத் திறமூல இயங்குதளத்தில் டிரைவர்கள் அறுபதைத் தாண்டிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. என்இ2000 வகை ஈதர்நெட் அட்டைகளுக்கு எங்களிடம் இரண்டு டிரைவர்கள் இருந்தன: ஐஎஸ்ஏ பஸ்ஸில் (சாதனங்களைக் கணினியோடு இணைக்கும் தடம்) செருகும் அட்டைக்கு ஒன்று, பிசிஐ பஸ்ஸில் செருகும் அட்டைக்கு ஒன்று. இரண்டாவது, முதலாவதை நகலெடுத்து எழுதியது. பெறும் பஃபர் நிரம்பி வழிந்தால் சிப்பை நிறுத்தி மறுபடி கிளப்பும் பகுதியில் இருந்த பிழையை நான் ஒன்றில் திருத்தினேன். இன்னொன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அது வேறோர் அடைவில் வேறு பெயரில் கிடந்தது. பல மாதம் கழித்து இன்னொருவர் அதே பிழையை அடியிலிருந்து தேடிக் கண்டுபிடித்தார். அவருடைய இரண்டு வார இறுதிகள் அதிலேயே கரைந்தன.

அதன் பிறகு அடைவு அமைப்பைப் பற்றி உட்கார்ந்து பேசினோம். லினக்ஸ், நெட்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி, ஹைக்கூ, ஸெஃபிர் ஆகிய இயங்குதளங்களின் மூலநிரலைத் திறந்து, யார் எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று பார்த்தோம். ஒவ்வொன்றையும் எடைபோட நான் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: ஒரு மாற்றம் வரும்போது எந்தெந்தக் கோப்புகள் சேர்ந்து மாறும்? சேர்ந்து மாறுபவை அருகருகே இருந்தால், ஒன்றைத் திருத்துகிறவர் கண்ணில் மற்றது படும். நான் செய்த தவறு அப்போது நடந்திருக்காது.

வேலை வாரியாகப் பிரிப்பது

பெரும்பாலோருக்கு முதலில் தோன்றுவது இதுதான். நெட்வொர்க் ஒரு பக்கம், கிராஃபிக்ஸ் ஒரு பக்கம், சேமிப்பகம், உள்ளீடு, சென்சார் என்று தனித்தனி அடைவு. லினக்ஸின் 'டிரைவர்ஸ்' அடைவின் மேல்தட்டு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: 'நெட்', 'ஜிபியூ', 'பிளாக்', 'இன்புட்', 'மீடியா'. ஒலி மட்டும் வெளியே 'சவுண்ட்' என்று தனியாக நிற்கிறது. ஹைக்கூவும் ஸெஃபிரும் இதே பாதையில்தான் போகின்றன.

இதன் பலம் இடைமுகத்தை மாற்றும் நாளில் தெரியும். லினக்ஸ் தன் கர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையநிரலுக்குள்) டிரைவர்களுக்கு நிலையான இடைமுகம் தருவதாக வாக்குக் கொடுப்பதில்லை. ஏன் தரமாட்டோம் என்று விளக்கும் ஆவணமே மூலநிரலோடு சேர்ந்து வருகிறது. நெட்வொர்க் அடுக்கில் ஒரு சார்பை மாற்றுகிறவர், அதைக் கூப்பிடும் எல்லா டிரைவர்களையும் தானே திருத்திக் கொடுக்க வேண்டும். அவை எல்லாம் ஒரே அடைவின் கீழ் இருந்தால் தேடுவது எளிது. ஒரே பராமரிப்பாளருக்கு ஒரே தொகுதியாக அனுப்பிவிடலாம். சரிபார்ப்பதும் அப்படியே. பத்து சென்சார் டிரைவர்களைப் படித்தவருக்குப் பதினோராவதில் எங்கே தப்பு இருக்கும் என்று பாதி முன்னாலேயே தெரியும். ஒரே நிறுவனத்தின் நெட்வொர்க் அட்டை டிரைவரையும் டச்பேட் டிரைவரையும் படித்தவருக்கு அப்படி ஒரு பழக்கம் வராது. அவற்றுக்குள் பொதுவாக இருப்பது பெட்டியின் மேல் அச்சிட்ட பெயர்தான்.

ஒரு தொழில்நுட்பம் வழக்கொழியும்போதும் இந்த வழி கைகொடுக்கும். லினக்ஸில் ஐடிஇ வகை வன்வட்டுகளுக்கான பழைய டிரைவர்கள் தனி அடைவில் இருந்தன. அவற்றின் வேலையை லிப்ஏடிஏ என்ற புதிய டிரைவர் அடுக்கு முழுமையாக ஏற்றுக்கொண்டபின், 2021 ஆகஸ்டில் வந்த 5.14 பதிப்பில் அந்த அடைவையே மொத்தமாக எடுத்துவிட்டார்கள்.

ஆனால் ஒரு சிப் இரண்டு வேலை செய்தால்? நிஜமான சிக்கல் இங்கேதான். லினக்ஸில் 'மீடியா' அடைவு ஒரு காலத்தில் அனலாக் வீடியோ ஒரு பக்கம், டிஜிட்டல் ஒளிபரப்பு ஒரு பக்கம் என்று பிரிந்திருந்தது. பிரித்த நாளில் அது நியாயமாகவே இருந்திருக்கும். அப்புறம் இரண்டையும் வாங்கும் டிவி குச்சிகள் வந்தன. ஒரே ட்யூனர் சிப்பை இரு பக்கமும் பயன்படுத்த வேண்டியதாயிற்று. கடைசியில் 2012 டிசம்பரில் வெளியான 3.7 பதிப்பில் அந்தப் பிரிவைக் கலைத்து, பிசிஐ, யூஎஸ்பி, பிளாட்ஃபார்ம், ஐ2சி என்று பஸ் வாரியாக மாற்றி, ட்யூனர்களுக்குத் தனி அடைவு கொடுத்தார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், மேல்தட்டில் 'மீடியா' என்ற வேலைப் பெயர் அப்படியே நின்றது. உள்தட்டில் செய்த பிரிவுதான் வன்பொருளின் போக்கைத் தாங்கவில்லை.

வேலைகளே இரண்டு வெவ்வேறு துணை அமைப்புகளைச் சேர்ந்தவை என்றால் டிரைவரையே இரண்டாக வெட்ட வேண்டும். மெலனாக்ஸின் எம்எல்எக்ஸ்5 அட்டைகள் ஈதர்நெட்டும் செய்யும், ஆர்டிஎம்ஏவும் (இன்னொரு கணினியின் நினைவகத்தை நேரடியாக அணுகுவது) செய்யும். சிப்போடு பேசும் மையப்பகுதி 'நெட்' அடைவுக்குள் இருக்கிறது, ஆர்டிஎம்ஏ பகுதி 'இன்ஃபினிபேண்ட்' அடைவுக்குள் இருக்கிறது. இப்படி வெட்டிய துண்டுகளை முறையாக இணைப்பதற்கென்றே 2021 பிப்ரவரியில் 5.11 பதிப்பில் ஆக்ஸிலரி பஸ் என்ற ஒன்றைக் கர்னலில் சேர்த்தார்கள். அடைவு அமைப்பு கேட்ட விலை இது என்று சொல்வது தப்பில்லை. ஆனால் வெட்டியதால் ஒவ்வொரு பாதியையும் அதை நன்றாகப் புரிந்தவர்களே பார்க்கிறார்கள். எனக்கு இந்த விலை ஏற்புடையது.

பஸ் வாரியாகவும் சிப் வாரியாகவும்

நெட்பிஎஸ்டியின் 'சிஸ்/டெவ்' அடைவைத் திறந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க முடியாது. மேலோட்டமாகப் பார்த்தால் அது பஸ் வாரியான பிரிவு: 'பிசிஐ', 'ஐஎஸ்ஏ', 'யூஎஸ்பி', 'பிசிஎம்சிஐஏ'. கூடவே 'ஐசி' என்று இன்னோர் அடைவு. எந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலும் மாறாத சிப் நிரல் அங்கே இருக்கிறது. எங்களைத் தடுக்கி விழவைத்த அதே என்இ2000 குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நேஷனல் செமிகண்டக்டரின் டிபி8390 சிப்பை இயக்கும் நிரல் 'ஐசி'யில் ஒரே ஒரு முறை எழுதப்பட்டிருக்கிறது. பிசிஐ அடைவிலும் ஐஎஸ்ஏ அடைவிலும் இருப்பவை சிறு கோப்புகள்: அட்டையைக் கண்டுபிடி, ரெஜிஸ்டர்கள் (சிப்பைக் கட்டுப்படுத்தும் சிறு நினைவிடங்கள்) எங்கே என்று பார், இன்டரப்டைக் கட்டு, மையத்திடம் ஒப்படை. அவ்வளவுதான்.

இது நடப்பதற்கு அடியில் ஓர் அடுக்கு தேவை. நெட்பிஎஸ்டியில் பஸ்_ஸ்பேஸ், பஸ்_டிஎம்ஏ என்று இரண்டு இடைமுகங்கள் உண்டு. ரெஜிஸ்டரைப் படிப்பது ஐஓ போர்ட் வழியா, நினைவக முகவரி வழியா என்பதை முதலாவது மறைக்கிறது. சாதனமே நினைவகத்தை நேரடியாக அணுகும் டிஎம்ஏவுக்கான முகவரிக் கணக்கை இரண்டாவது பார்த்துக்கொள்கிறது. இந்த அடுக்கு இல்லாமல் அடைவை மட்டும் காப்பியடித்தால் 'ஐசி' அடைவு முழுக்க நிபந்தனைகளால் நிரம்பிவிடும். எங்களிடம் அப்போது அந்த அடுக்கு பாதிதான் இருந்தது. அதை முடிக்காமல் ஒரு கோப்பையும் நகர்த்துவதில்லை என்று முடிவு செய்தோம்.

லினக்ஸிலும் இதே சிந்தனை வேறு உருவில் இருக்கிறது. ஏடிஎக்ஸ்எல்345 என்ற முடுக்கமானியின் டிரைவர் மூன்று கோப்புகளாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது: மையம் ஒன்று, ஐ2சி இணைப்பு ஒன்று, எஸ்பிஐ இணைப்பு ஒன்று. நடுவில் ரெஜ்மேப் என்ற அடுக்கு நின்று, ரெஜிஸ்டருக்கு எந்தக் கம்பி வழியாகப் போவது என்பதைக் கவனித்துக்கொள்கிறது. நெட்பிஎஸ்டி மையத்தையும் இணைப்பையும் வெவ்வேறு அடைவில் வைக்கிறது. லினக்ஸின் சென்சார் டிரைவர்கள் ஒரே அடைவில் வைத்துக் கோப்பின் பெயரால் பிரிக்கின்றன. என் கேள்வியின்படி பார்த்தால் இரண்டாவதே மேல். புது பிசிஐ டிரைவர் எழுதுகிறவர் மற்ற பிசிஐ டிரைவர்களைப் பார்த்துப் படிப்பார் என்பது உண்மைதான். ஆனால் அது ஒரு நாள் வேலை. சிப்பின் மையமும் இணைப்பும் சேர்ந்து மாறுவது ஆண்டுக்கணக்கில் நடக்கும்.

பஸ்ஸை மட்டும் மேல்தட்டாக வைத்து, சிப்புக்கென்று இடமே ஒதுக்காமல் விடுவது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பழைய அமைப்பு அதுதான். அது நகலெடுக்கத் தூண்டுகிறது. யூஎஸ்பி வந்த பிறகு இன்னும் மோசம்: கேமரா, விசைப்பலகை, மோடம், ஒலிபெருக்கி எல்லாம் யூஎஸ்பிதான். லினக்ஸ் யூஎஸ்பி நெட்வொர்க் அட்டைகளை 'நெட்' பக்கமும், வெப்கேமராவை 'மீடியா' பக்கமும் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஃப்ரீபிஎஸ்டி இந்த வாதத்துக்குள்ளேயே வராமல் பெரும்பாலும் டிரைவருக்கு ஓர் அடைவு என்று வைத்துக்கொண்டது. 'யுஆர்ட்' (சீரியல் போர்ட்) அடைவுக்குள் பிசிஐ இணைப்பு, ஐஎஸ்ஏ இணைப்பு, என்எஸ்8250 சிப் நிரல் எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. சேர்ந்து மாறுபவை சேர்ந்தே இருக்கின்றன; அந்த வகையில் எனக்குத் திருப்தி. ஆனால் அந்தப் பெரிய பட்டியலில் எது நெட்வொர்க், எது சேமிப்பகம் என்று பெயரைப் பார்த்துப் புதியவர் சொல்ல முடியாது. இரண்டு மூன்று எழுத்துப் பெயர்களைப் பல ஆண்டுகள் பழகியவர்களுக்குத்தான் அது வீடு.

தயாரிப்பாளர் பெயரில்

லினக்ஸின் ஈதர்நெட் டிரைவர்கள் 2011 வரை ஒரே அடைவில் கொட்டிக் கிடந்தன. அந்த ஆண்டு அவற்றைத் தயாரிப்பாளர் வாரியாகப் பிரித்தார்கள். 2012 ஜனவரியில் 3.2 பதிப்போடு அது வெளிவந்தது. இன்டெலின் ஈ1000, ஐஜிபி, ஐஎக்ஸ்ஜிபிஈ ஆகியவை ஒரே கூரையின் கீழ் வந்தன. அந்த நிறுவனத்தின் பொறியாளர்களே அவற்றைப் பராமரிப்பதால், மாற்றங்களும் அந்த அடைவுக்குள்ளேயே நடக்கின்றன. இந்த அளவில் அது பொருத்தம்தான்.

ஆனால் நிறுவனங்கள் விற்கப்படுகின்றன. சன் மைக்ரோசிஸ்டம்ஸை ஆரக்கிள் 2010லேயே வாங்கிவிட்டது. பிரிவு நடந்தபோதே 'சன்' ஒரு பழைய பெயர். ஃப்ரீஸ்கேல் 2015இல் என்எக்ஸ்பியோடு சேர்ந்தது. மெலனாக்ஸ் 2020இல் என்விடியாவிடம் போனது. கியூலாஜிக்கைக் கேவியம் வாங்கியது, கேவியத்தை மார்வெல் வாங்கியது. மூன்று பெயரிலும் இன்றும் தனித்தனி அடைவுகள் இருக்கின்றன. பெயரை மாற்றப் புகுந்தால் கோப்புகள் நகர்ந்துகொண்டே இருக்கும், மாற்றாமல் விட்டால் பெயர் வெறும் முத்திரையாகிவிடும். லினக்ஸ் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. அது சரியான தேர்வு என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றைக் கவனியுங்கள். அந்தத் தயாரிப்பாளர் வரிசைக்கு நடுவே '8390' என்று ஓர் அடைவு நிற்கிறது. அது நிறுவனப் பெயர் இல்லை, சிப்பின் எண். என்இ2000 நகல் அட்டைகளைப் பலர் தயாரித்ததால் ஒரு நிறுவனத்தின் பெயரில் அவற்றை அடைக்க முடியவில்லை. பொதுவாக இருந்தது சிப்தான். எங்கள் இரண்டு டிரைவர்களும் எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதற்கு நான் தேடிய பதில் இந்த ஒரு அடைவிலேயே இருந்தது.

போர்டு வாரியாக

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் யாரும் இந்த வழியில் மறுபடி போகக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏஆர்எம் செயலிகளின் பக்கத்தில் லினக்ஸ் பல ஆண்டுகள் ஒவ்வொரு சிப் குடும்பத்துக்கும் 'மாக்' என்று தொடங்கும் ஓர் அடைவு வைத்திருந்தது. கடிகாரம், பின் (சிப்பின் இணைப்புக் கால்) அமைப்பு, ஜிபிஐஓ (பொது உள்ளீடு-வெளியீட்டுக் கால்கள்) என்று ஒரே வேலையை ஒவ்வொரு அடைவும் தன் போக்கில் எழுதிக்கொண்டது. ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு சி கோப்பு வேறு. 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதைக் கடுமையாகக் கண்டித்த பிறகு வேகமாக மாறியது. பின் அமைப்புக்கும் கடிகாரத்துக்கும் பொதுத் துணை அமைப்புகள் வந்தன. டிரைவர்கள் வேலை வாரியான அடைவுகளுக்குக் குடிபெயர்ந்தன. போர்டைப் பற்றிய விவரங்கள் சி நிரலை விட்டு டிவைஸ் ட்ரீ கோப்புகளுக்குப் போயின. பல சிப் குடும்பங்களில் ஓடக்கூடிய ஒரே ஏஆர்எம் கர்னல் 3.7 பதிப்பில் சாத்தியமானது.

அந்த டிவைஸ் ட்ரீ கோப்புகளைப் பிற்பாடு, 2023இல், தயாரிப்பாளர் வாரியாகப் பிரித்தார்கள். அங்கே அது பொருந்துகிறது. ஒரு போர்டில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்பது தயாரிப்பாளரின் முடிவு. அது தகவல், டிரைவர் நிரலோடு அதைக் கலக்காதவரை எப்படிப் பிரித்தாலும் பெரிய தீங்கு வராது.

வெளியே வைப்பது

டிரைவர்களைத் தனி ரெப்போவில் (மூலநிரல் களஞ்சியத்தில்) வைத்தால் என்ன என்று எங்களில் இருவர் உறுதியாகக் கேட்டார்கள். அவர்கள் சொன்ன காரணம் நியாயமானது: கிராஃபிக்ஸ் டிரைவர் மாதாமாதம் மாறுகிறது, கர்னல் வருடத்துக்கு இருமுறை வெளிவருகிறது, ஒன்றுக்காக இன்னொன்று ஏன் காத்திருக்க வேண்டும்? அளவும் ஒரு காரணம். 2020 வாக்கில் லினக்ஸ் மூலநிரலின் வரிகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஏஎம்டி கிராஃபிக்ஸ் டிரைவருடையது. அதில் பெரும்பகுதி தானாக உருவாக்கிய ரெஜிஸ்டர் தலைப்புக் கோப்புகள்.

ஃப்ரீபிஎஸ்டி இதைச் செய்து பார்த்திருக்கிறது. லினக்ஸிலிருந்து கொண்டுவரும் கிராஃபிக்ஸ் டிரைவர்கள் அங்கே டிஆர்எம்-கேமாட் என்ற தனித் தொகுப்பாக இருக்கின்றன. லினக்ஸ்கேபிஐ என்ற பொருத்தும் அடுக்கு மட்டும் கர்னலோடு வருகிறது. புது கிராஃபிக்ஸ் சிப்புகளுக்கு ஆதரவு, கர்னல் வெளியீட்டுக்குக் காத்திருக்காமல் வர முடிகிறது. ஆனால் ஒரு பதிப்பின் கர்னலுக்குக் கட்டிய தொகுப்பு அடுத்த பதிப்பில் ஏறாமல் போய், பயனரின் திரை இருண்ட சம்பவங்கள் உண்டு. லினக்ஸில் வெளி டிரைவர்களுக்கு டெல் நிறுவனம் தொடங்கிய டிகேஎம்எஸ், கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைப் பயனரின் கணினியிலேயே மறுபடி கட்டுகிறது. கட்டுவது தோற்றால் அதைப் பார்ப்பவர் டிரைவர் எழுதியவர் இல்லை, பயனர்.

வெளியே வைத்தும் உடையாமல் இருக்க வேண்டுமென்றால் இடைமுகத்தை உறையவைக்க வேண்டும். ஆண்ட்ராய்டின் பொதுக் கர்னல் திட்டம் அதைத்தான் செய்கிறது: ஒவ்வொரு கர்னல் கிளைக்கும் டிரைவர்கள் தொடக்கூடிய சார்புகளையும் மாறிகளையும் பட்டியலிட்டு, அவற்றின் வடிவம் மாறாமல் காக்கிறது. அதைக் காவல்காக்க ஆட்களும் கருவிகளும் வேண்டும். ஏழெட்டுப் பேர் மாலை நேரத்தில் எழுதும் இயங்குதளத்துக்கு அது தாங்காது. எங்கள் நெட்வொர்க் அடுக்கை இரண்டு முறை அடியோடு மாற்றியிருக்கிறோம். டிரைவர்கள் வெளியே இருந்திருந்தால் அந்தத் துணிச்சல் வந்திருக்காது.

வெளியே வைக்கத் தகுந்தவை இல்லாமல் இல்லை. ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே ஓடும் நிரல்) கோப்புகளின் உரிமம் வேறு, மாறும் நேரம் வேறு, அவற்றை யாரும் வரிவரியாகப் படிக்கப் போவதுமில்லை. லினக்ஸ் 2017இல் 4.14 பதிப்பில் தன் மூலநிரலில் மிச்சமிருந்த ஃபர்ம்வேர் அடைவை நீக்கி, தனி ரெப்போவோடு நிறுத்திக்கொண்டது. ஸெஃபிர் இன்னும் ஒரு படி போகிறது: டிரைவர்கள் உள்ளே வேலை வாரியாக இருக்க, சிப் நிறுவனங்கள் தரும் ரெஜிஸ்டர் தலைப்புகளும் துணை நிரல்களும் வெளி ரெப்போக்களிலிருந்து வெஸ்ட் என்ற கருவி வழியாக வருகின்றன. நம்முடைய நிரல் உள்ளே, பிறர் தருவது வெளியே. இந்தக் கோடு எனக்குத் தெளிவாகப் படுகிறது.

தரம் முதிராத டிரைவர்களுக்கு லினக்ஸ் 2008 முதல் வைத்திருக்கும் 'ஸ்டேஜிங்' போல ஓர் அடைவு வேண்டுமா என்றும் பேசினோம். வேண்டாம் என்றேன். முதிர்ந்ததும் கோப்பு மறுபடி நகர வேண்டும். சோதனை நிலையில் உள்ளது என்று கட்டமைப்பு விருப்பத்தில் ஒரு குறி போட்டால் எங்கள் அளவுக்குப் போதும்.

நாங்கள் எடுத்தது

மேல்தட்டு வேலை வாரியாக. உள்ளே சிப் குடும்பத்துக்கு ஒரு மையக் கோப்பு, பஸ் இணைப்புகள் அதே அடைவில் பக்கத்திலேயே. ஓர் அடைவில் முப்பது டிரைவர்களைத் தாண்டினால் மட்டும் அடுத்த தட்டு; அது தயாரிப்பாளர் பெயரிலா, பஸ் பெயரிலா என்பதை அந்தத் துணை அமைப்பைப் பராமரிப்பவர் முடிவு செய்வார். லினக்ஸில் நெட்வொர்க் தயாரிப்பாளர் வாரியாகவும், மீடியா பஸ் வாரியாகவும் ஒரே கூரையின் கீழ் நன்றாகத்தான் வாழ்கின்றன. எல்லா அடைவுக்கும் ஒரே அச்சு வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை.

நகர்த்தும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தோம். மூலநிரலின் வரலாற்றைக் காக்கும் கருவியான கிட், கோப்பு இடம் மாறியதைப் பதிவு செய்வதில்லை. உள்ளடக்கம் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்த்து ஊகிக்கிறது. அதனால் ஒரு கமிட்டில் (ஒரு மாற்றப் பதிவில்) நகர்த்தல் மட்டும், திருத்தங்கள் அடுத்த கமிட்டில். கலந்து செய்தால் பழைய கிளைகளுக்குத் திருத்தங்களை எடுத்துச் செல்பவர்தான் அவதிப்படுவார். கட்டமைப்புப் பெயர்களையும் மாற்றவில்லை. லினக்ஸின் ஈதர்நெட் பிரிவில் தயாரிப்பாளருக்கு ஒன்றாகப் புதிய விருப்பங்கள் சேர்ந்தாலும், அவை இயல்பாகவே 'ஆம்' என்று இருந்ததால் பழைய கட்டமைப்புக் கோப்புகளில் டிரைவர்கள் காணாமல் போகவில்லை. அதே ஏற்பாட்டை நாங்களும் செய்தோம்.

பெயர் வைப்பதில் நேரம் போனது என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். 2023இல் லினக்ஸில் மின்பகுதிகளை நிர்வகிக்கும் டிரைவர்களுக்கு 'ஜென்பிடி' என்று ஓர் அடைவு தொடங்கினார்கள். பெயரைப் பார்த்தால் என்னவென்றே விளங்கவில்லை என்று லினஸ் ஆட்சேபித்து, அது 'பிஎம்டொமைன்' ஆனது. புதிதாக வருபவர் முதலில் படிப்பது அடைவின் பெயரைத்தான்.

எங்களுக்கு இன்னும் இடம் முடிவாகாத டிரைவர் ஒன்று இருக்கிறது: வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்த சிப். வைஃபை பாதி எஸ்டிஐஓ பஸ்ஸில், புளூடூத் பாதி யுஆர்ட்டில், மின்சாரத்தைத் தொடங்கும் வரிசை மட்டும் இரண்டுக்கும் பொது. இரண்டு பாதிகளையும் அதனதன் வேலை அடைவில் வைத்தாயிற்று. யார் முதலில் மின்சாரத்தைப் போடுவது என்பதில்தான் சண்டை. லினக்ஸ் 2024இல் 6.11 பதிப்பில் இதற்கென்றே 'பவர்' அடைவின் கீழ் 'சீக்வென்சிங்' என்ற துணை அமைப்பைச் சேர்த்தது. அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை அந்த வரிசை வைஃபை அடைவில் இருக்கிறது, புளூடூத் கோப்பின் தலையில் அதற்கு வழிகாட்டும் ஒரு குறிப்போடு.